கிதார் கலைஞர்களுக்கு வரிசை எண் இடலாமா?

சென்ற இதழின் பதில் ஒன்றில், அமெரிக்காவின் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் அவ்வப்போது வெளியிடும் தலைசிறந்த கிதார் கலைஞர்களின் பட்டியலைப் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தோம். அந்த ஒற்றை வரிக்கு வந்த கடிதங்களே இம்முறை பக்கங்களை எடுத்துக்கொண்டுவிட்டதால், மற்ற பொருள்கள் பற்றிக் கேட்டிருக்கும் வாசகர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: 2003ஆம் ஆண்டுப் பட்டியலில் எடி வான் ஹேலனுக்குக் கிடைத்தது 70ஆவது இடம். 2011இல் அவர் 8ஆவது இடத்துக்கு வந்துவிட்டார். 2023இல் 4ஆவது இடம். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த வாசிப்போ 1978இலேயே வெளிவந்துவிட்டது. இடையில் மாறியது என்ன?
— வாசகர், நாகர்கோவில்

மதிப்பெண் போட்டவர்கள் மாறினார்கள். 2003ஆம் ஆண்டுப் பட்டியல் டேவிட் ஃப்ரிக் என்ற ஒரே விமர்சகரின் தேர்வு. அதன் முதல் ஐந்து இடங்களைப் பார்த்தாலே அவருடைய செவி எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது விளங்கிவிடும்: ஜிமி ஹென்ட்ரிக்ஸ், டுவேன் ஆல்மன், பி.பி. கிங், எரிக் கிளாப்டன், ராபர்ட் ஜான்சன். ஐவரும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையிலேயே வேர் கொண்டவர்கள். 2011இல் பட்டியலைத் தீர்மானித்தது இசைக்கலைஞர்களும் வல்லுநர்களும் அடங்கிய ஒரு குழுவின் வாக்கு. 2023இல் இதழே மீண்டும் பொறுப்பேற்று, எண்ணிக்கையை 250 ஆக உயர்த்தி, மெருகைவிட உணர்ச்சிக்கும், நேர்த்தியைவிடப் புதுமைக்கும் முன்னுரிமை தந்ததாக வெளிப்படையாகவே அறிவித்தது.

வான் ஹேலன் குழுவின் முதல் ஆல்பத்தில் ‘எரப்ஷன்’ என்ற தனிக் கிதார் வாசிப்பு ஒன்று உண்டு. அதன் நீளம் 1 நிமிடம் 42 நொடி. வழக்கமாகத் தந்தியை மீட்டுவதற்கு மட்டுமே பயன்படும் வலக்கை விரல்களையும் கிதாரின் கழுத்துக்குக் கொண்டுவந்து, இரு கைகளாலும் தந்திகளைத் தட்டி, விசைப்பலகையில் ஓடுவது போன்ற சுரக்கோவைகளை அவர் அதில் எழுப்பினார். இந்த உத்தியை முதலில் கண்டுபிடித்தவர் அவர் அல்லர். ஆனால் அந்த ஆல்பத்துக்குப் பிறகு, கிதார் வைத்திருந்த பதின்வயதினரெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு அதைப் பழகத் தொடங்கினார்கள் என்பது உண்மை. பாட்டை முன்வைத்து எழுதும் விமர்சகருக்கு அது வித்தை காட்டுதலாகப் பட்டிருக்கலாம்; அதைப் பழகி விரல் வலித்தவர்களிடம் வாக்குச்சீட்டைக் கொடுத்தால் வேறு விடைதான் வரும். பிங்க் ஃப்ளாய்டின் டேவிட் கில்மர் 2003இல் 82ஆவது இடத்திலிருந்து 2011இல் 14ஆவது இடத்துக்குத் தாவியதற்கும் காரணம் இதுவாகவே இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இத்தகைய பட்டியல்களில் முதல் பத்து, பன்னிரண்டு இடங்களுக்குத்தான் ஏதேனும் பொருள் உண்டு. அதற்குக் கீழே 41க்கும் 58க்கும் உள்ள வேறுபாடு, அன்றைக்குக் கூட்டத்துக்கு யார் வந்திருந்தார்கள் என்பதைப் பொறுத்தது.

கேள்வி: எந்தப் பட்டியலை எடுத்தாலும் ஜிமி ஹென்ட்ரிக்ஸ்தான் முதலிடம். இது தகுதியா, பழக்கமா?
— வாசகி, கோவை

இரண்டும்தான், ஆயினும் தகுதியின் பங்கே பெரியது. 1967க்கும் 1968க்கும் இடையில் மூன்று ஸ்டுடியோ ஆல்பங்களை வெளியிட்டுவிட்டு, 1970 செப்டம்பரில், 27ஆவது வயதில் லண்டனில் இறந்துபோனவர் அவர். இடக்கையரான அவர், வலக்கையருக்கான ஸ்ட்ராடோகாஸ்டர் கிதாரைத் தலைகீழாகத் திருப்பி, தந்திகளை மாற்றிக் கட்டி வாசித்தார். ஆம்ப்ளிஃபையருக்கு மிக அருகே நின்றால் எழும் ஊளையை, அதுவரை ஒலிப்பதிவுக் கூடங்களில் பெரும்பாலும் பிழையாகக் கருதி விலக்கிய ஓசையை, சுருதிக்குள் கொண்டுவந்து இசையின் ஓர் உறுப்பாக்கினார். 1969 ஆகஸ்டில் உட்ஸ்டாக் விழாவில் அமெரிக்க நாட்டுப்பண்ணை அவர் வாசித்தபோது அதனுள் குண்டுவீச்சின் ஓலம் கேட்டதாகப் பலர் சொல்வதை, அந்த ஒலிப்பதிவைக் கேட்டவர்கள் மறுக்க மாட்டார்கள்.

ஆனால் எனக்கு அவருடைய பெருமை வேறோர் இடத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது. புகழ் பெறுவதற்கு முன்பு அவர் ஐஸ்லி பிரதர்ஸ், லிட்டில் ரிச்சர்ட் முதலியோருக்குப் பின்னணிக் கிதார் வாசித்துப் பிழைத்தவர். பாடகருக்கு இடம் விட்டு, தாளத்தைச் சுமந்து, இடையிடையே ஒரு சிறு அணியைச் செருகும் அந்தக் கூலி வேலையில்தான் அவருடைய வலக்கையும் இடக்கையும் பண்பட்டன. இரண்டரை நிமிடத்துக்கும் குறைவான ‘லிட்டில் விங்’ பாட்டின் தொடக்கத்தைக் கேளுங்கள். கழுத்தின் மேற்புறமாக வளைந்து வரும் கட்டைவிரல் கீழ்ச்சுரத்தைப் பிடித்துக்கொள்ள, மற்ற விரல்கள் கார்டு எனப்படும், ஒரே வேளையில் ஒலிக்கும் சுரக்கூட்டையும் மெட்டையும் ஒன்றாகவே வாசிக்கின்றன. பல்லால் வாசித்ததையும் கிதாருக்குத் தீ வைத்ததையும் சொல்லி அவருக்கு முதலிடம் கொடுப்பவர்கள், அந்த இடத்தைத் தவறான காரணத்துக்காகக் கொடுக்கிறார்கள்.

பழக்கத்தைப் பற்றிக் கேட்டீர்கள். வாக்களிப்பவர் முதல் பெயரை யோசிக்காமலே எழுதிவிட்டு, இரண்டாவது பெயருக்குத்தான் பேனாவைக் கடிக்கிறார் என்று நினைக்கிறேன். ஆகவே இந்தப் பட்டியல்களில் உண்மையான போட்டி இரண்டாம் இடத்துக்குத்தான்: 2003இல் டுவேன் ஆல்மன், 2011இல் எரிக் கிளாப்டன், 2023இல் சக் பெர்ரி.

கேள்வி: எரிக் கிளாப்டன் 4ஆம் இடம், பிறகு 2ஆம் இடம், இப்போது 35ஆம் இடம். மனிதர் வாசிக்க மறந்துவிட்டாரா?
— வாசகர், ஷா ஆலம்

மறக்கவில்லை. 1966இல் ஜான் மேயலின் ப்ளூஸ்பிரேக்கர்ஸ் குழுவோடு அவர் பதிவு செய்த ஆல்பத்தில், கிப்சன் லெஸ் பால் கிதாரை மார்ஷல் ஆம்ப்ளிஃபையரில் இணைத்து, ஒலியளவை முழுவதும் ஏற்றி வாசித்த அந்தத் தடித்த நாதம் இன்றைக்கும் ராக் கிதாரின் அடிப்படை ஒலியாக இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் அளவுகோல், ஒரு மரபைச் செம்மையாக வாசித்தவரைவிட அதைத் தொடங்கிவைத்தவருக்கு முன்னுரிமை தந்தது. ப்ளூஸை மற்றவர்களிடமிருந்து கற்றுக்கொண்டதாக எப்போதும் கூறிவந்த கிளாப்டன் அதில் இறங்கியது வியப்பில்லை. 1976இல் பர்மிங்ஹாம் மேடையில் குடியேறிகளுக்கு எதிராக அவர் பேசியதும், பெருந்தொற்றுக் காலத்தில் ஊரடங்கை எதிர்த்துப் பாடியதும் அவர்மேல் இருந்த பொது மதிப்பைக் குறைத்தன என்பதும் உண்மைதான். ஆனால் அவற்றுக்கான கணக்கைக் கிதார் பட்டியலில் தீர்ப்பது சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: ‘சிறந்த கிதார் ஆல்பம்’ என்று தனியாகவும் பட்டியல் போடுகிறார்கள். ராக் ஆல்பம் எல்லாவற்றிலும் கிதார் இருக்கிறதே, எதைக் கிதார் ஆல்பம் என்பது? தாங்கள் எதை முதலில் வைப்பீர்கள்?
— வாசகர், யாழ்ப்பாணம்

இந்தக் கடிதங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கலைஞர்களை வரிசைப்படுத்துவதைக் காட்டிலும் ஆல்பங்களை வரிசைப்படுத்துவது நேர்மையான விளையாட்டு என்பது என் கருத்து. ஒரு கலைஞரின் நாற்பது ஆண்டு வாழ்க்கையை ஒருவர் ஒரு மாதிரி நினைவில் வைத்திருப்பார், மற்றவர் வேறு மாதிரி. இருவரும் முடிவில்லாமல் வாதாடலாம். ஆல்பமோ நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும். ஐயம் வந்தால் இருவரும் சேர்ந்து மறுபடி போட்டுக் கேட்கலாம்.

கிதார் ஒலிப்பதனாலேயே ஓர் ஆல்பம் கிதார் ஆல்பம் ஆகிவிடாது. தொடங்கி முடியும் வரை, பொருளைச் சொல்லும் பொறுப்பு கிதாரிடம் இருக்க வேண்டும். பாட்டு இருந்தாலும் அது கிதாருக்குத் துணையாகவோ சமமாகவோ நிற்க வேண்டும். இந்த அளவில் பார்த்தால், ஜெஃப் பெக்கின் ‘ப்ளோ பை ப்ளோ’ ஐயமின்றித் தேறும். 1975இல் வந்த இந்த ஆல்பத்தில் ஒரு சொல்கூடப் பாடப்படவில்லை. பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின்தான் இதற்கும் தயாரிப்பாளர். பாடகர் இல்லாத அந்த ஆல்பம் அமெரிக்க விற்பனை வரிசையில் 4ஆம் இடம் வரை சென்றது. ஸ்டீவி வொண்டர் எழுதிய ஒரு மெல்லிசையை அதில் பெக் வாசிக்கும்போது, ஒலியளவுக் குமிழைச் சுண்டுவிரலால் திருப்பித் திருப்பி ஒவ்வொரு சுரத்தையும் மூச்சுப் போல உள்ளிழுத்து வெளிவிடுகிறார்.

‘லைவ் அட் த ரீகல்’ என்ற பி.பி. கிங்கின் ஆல்பத்தை இங்கே சேர்க்கலாமா என்று சிலர் தயங்குவார்கள். அதில் பாட்டே மிகுதி. 1964 நவம்பரில் சிகாகோவின் ரீகல் அரங்கில் பதிவானது அது. கிங் பாடும்போது கிதார் வாசிப்பதில்லை, வாசிக்கும்போது பாடுவதில்லை. அவர் ஓர் அடி பாடி நிறுத்த, கிதார் அதற்கு விடை சொல்கிறது. அரங்கம் அந்த விடைக்குத்தான் கூச்சலிடுகிறது. எனவே நான் தயங்காமல் சேர்ப்பேன். 1977இல் டெலிவிஷன் என்ற நியூயார்க் குழு வெளியிட்ட ‘மார்க்கீ மூன்’ ஆல்பத்தையும் அப்படியே. ப்ளூஸின் சாயல் ஏறக்குறைய இல்லாமல், கரகரப்புச் சேர்க்காத தெளிந்த ஒலியில், டாம் வெர்லெய்னும் ரிச்சர்ட் லாய்டும் இரண்டு கிதார்களைப் பின்னிச் செல்லும் அதன் தலைப்புப் பாட்டு ஏறத்தாழப் பத்து நிமிடம்.

ஆல்பம் என்ற அளவுகோல் சிலருக்கு அநீதி இழைக்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. ராபர்ட் ஜான்சன் 1936இலும் 1937இலும் டெக்சஸ் மாநிலத்தில் 29 பாட்டுகளைப் பதிவு செய்துவிட்டு, மறு ஆண்டே 27ஆவது வயதில் இறந்தார். பல பாட்டுகள் அடங்கும் எல்பி என்ற நீள்நேர இசைத்தட்டே அப்போது புழக்கத்தில் இல்லை. அவர் பெயரில் நாம் கேட்கும் ஆல்பம், கொலம்பியா நிறுவனம் 1961இல் தொகுத்து வெளியிட்டது. அதை முதன்முதலில் கேட்ட ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கிதார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ், கூடச் சேர்ந்து வாசிக்கும் இன்னொருவர் யார் என்று கேட்டாராம், வாசித்தவர் ஒருவர்தான். தம் வாழ்நாளில் ஓர் ஆல்பம்கூட வெளியிடாத இவரை ஆல்பப் பட்டியலில் எங்கே வைப்பது? நான் வரிசையிலிருந்து எடுத்துத் தனியாக வைத்துவிடுவேன்.

என் முதலிடம் ஆல்மன் பிரதர்ஸ் குழுவின் ‘அட் ஃபில்மோர் ஈஸ்ட்’. 1971 மார்ச்சில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் பதிவாகி, அதே ஆண்டு ஜூலையில் இரட்டை இசைத்தட்டாக வெளிவந்தது. இரண்டு தட்டுகள், நான்கு பக்கங்கள், மொத்தம் ஏழே உருப்படிகள். ‘விப்பிங் போஸ்ட்’ மட்டுமே 23 நிமிடம் ஓடி ஒரு பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. டுவேன் ஆல்மன் மருந்துக் கடையில் கிடைக்கும் சிறு கண்ணாடிக் குப்பியை மோதிர விரலில் மாட்டிக்கொண்டு தந்திகளின்மேல் வழுக்கி வாசித்தார். கிதாரின் கழுத்தில் குறுக்கே பதித்த ஃபிரெட்டுகள் என்னும் உலோகப் பட்டைகள் வகுத்த படிகளுக்கு இடையில் இருக்கும் சுரங்களையெல்லாம் அந்தக் குப்பி தொட்டுச் செல்வதால், கிதார் மனிதக் குரலாகிவிடுகிறது. அவருக்கு எதிரே டிக்கி பெட்ஸின் இரண்டாவது கிதார் பின்தங்காமல் நிற்கிறது. சில இடங்களில் இருவரும் ஒரே மெட்டை வெவ்வேறு சுரநிலைகளில் இணைந்து வாசிக்கிறார்கள். எவ்வளவு நீண்டாலும் யாரும் வழி தவறுவதில்லை. அந்த அக்டோபரில், 24 வயதில், டுவேன் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். முதலிடம் கொடுப்பதற்கு இந்த மரணம் காரணம் அன்று. அவர் எண்பது வயது வரை வாழ்ந்திருந்தாலும் நான் இந்த ஆல்பத்தைத்தான் எடுத்திருப்பேன்.

கேள்வி: வேகமாக வாசிப்பவர்தானே சிறந்த கிதார் கலைஞர்?
— பள்ளி மாணவர், ஈரோடு

தம்பி, மேலே சொன்ன பி.பி. கிங்கின் ஆல்பத்தில் ஒரே ஒரு சுரத்தை அவர் அசைத்து நிறுத்தும் இடத்தைக் கேட்டுவிட்டு மறுபடி எழுது.

கேள்வி: 2003ஆம் ஆண்டின் நூறு பேரில் ஜோனி மிட்செல், ஜோன் ஜெட் என இரண்டே பெண்கள். 2023இல் முதல் பத்துக்குள்ளேயே இருவர். இது காலத்துக்கேற்ற ஒதுக்கீடு என்கிறார் என் கணவர். தங்கள் கருத்து என்ன?
— வாசகி, திருச்சி

2023இல் 6ஆவது இடம் பெற்ற சிஸ்டர் ரொசெட்டா தார்ப், தேவாலயப் பாடல்களை மின்கிதாரோடு பாடியவர். ‘ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹேப்பனிங் எவ்ரி டே’ என்ற அவருடைய பாட்டு 1944இல் பதிவானது. சக் பெர்ரியின் முதல் இசைத்தட்டு 1955இல்தான் வந்தது. ராக் அண்ட் ரோலின் முன்னோடியைத் தேடிப் போகிறவர்கள் அவரைத் தாண்டிப் போக முடியாது. 2003இல் அவரை மறந்ததுதான் விளக்கம் கேட்கப்பட வேண்டிய செயல்.

9ஆவது இடத்தில் இருக்கும் ஜோனி மிட்செலைத் தங்கள் கணவர் ஒருவேளை பாடகியாக மட்டும் அறிந்திருக்கலாம். சிறுவயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கியதால் அவருடைய இடக்கை வலுவிழந்தது. வழக்கமான கார்டுகளைப் பிடிப்பது கடினமாகவே, அவர் தந்திகளின் சுருதியைத் தமக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் பல பத்து புதிய சுருதி அமைப்புகளை உருவாக்கிக்கொண்டார். அவருடைய கார்டுகள் வேறெவரிடமும் கேட்க முடியாதவையாக இருப்பதற்கு அதுவே காரணம். 1976இல் வந்த ‘ஹெஜீரா’ ஆல்பத்தை இருவரும் சேர்ந்து கேளுங்கள். அதில் நீண்ட தனிவாசிப்பை எதிர்பார்க்கக் கூடாது; சோலோவை மட்டுமே கிதார் வாசிப்பென்று கருதும் பட்டியல்கள் அவரைப் பல காலம் கீழே வைத்திருந்தன. தாளக் கிதாரின் ஆசான் நைல் ராட்ஜர்ஸ் 2023இல் 7ஆவது இடத்துக்கு வந்திருப்பதும் இந்தக் குறை நீங்கியதன் அடையாளமே.

கேள்வி: நம் ராகங்களைக் கிதாரில் வாசிக்கும் கலைஞர்களை இந்தப் பட்டியல்கள் ஏன் கண்டுகொள்வதில்லை?
— இசை மாணவர், தஞ்சாவூர்

பட்டியல் போடுவது ராக் இசையின் குடும்பம்; தன் உறவினர்களை முதலில் அழைக்கிறது. இதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. 1993இல் ‘எ மீட்டிங் பை த ரிவர்’ என்ற ஆல்பத்தை ராய் கூடரும் நம் விஸ்வமோகன் பட்டும் சேர்ந்து வாசித்தார்கள். அதற்குக் கிராமி விருதும் கிடைத்தது. 2003ஆம் ஆண்டுப் பட்டியலில் ராய் கூடருக்கு 8ஆவது இடம். அதே ஆல்பத்தில் அவருக்கு எதிரே அமர்ந்து, கிதாரைத் தாமே மாற்றியமைத்து உருவாக்கிய மோகன வீணையில் ராகத்தை விரித்த பட்டுக்கு அந்த நூறு பேரில் இடமில்லை.

இரண்டு குடும்பங்களுக்கும் நடுவில் நிற்பவர் ஜான் மெக்லாஃப்லின். 2003இல் 49, 2011இல் 68 என்று அவருக்கு எண் இட்டிருக்கிறார்கள். 1971இல் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவின் முதல் ஆல்பத்தில் இடிமுழக்கம் செய்தவர், சில ஆண்டுகளில் மின்கிதாரைக் கீழே வைத்துவிட்டு, எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, விக்கு விநாயக்ராமின் கடம் ஆகியவற்றோடு ‘சக்தி’ குழுவில் தரையில் அமர்ந்தார். சாதாரணக் கிதாரில் கமகத்துக்குத் தந்தியை இழுத்தால் விரல் மரத்தில் உராய்ந்து நின்றுவிடும். அதற்காக அவருக்கென்று செய்யப்பட்ட கிதாரில், ஃபிரெட்டுகளுக்கு இடையில் மரத்தைக் குழிவாகச் செதுக்கியிருந்தார்கள். குறுக்கே ஒத்ததிர்வுத் தந்திகளும் கட்டப்பட்டிருந்தன. அந்தக் குழுவின் மறுபிறவி வெளியிட்ட ‘திஸ் மொமென்ட்’ ஆல்பம் 2024 பிப்ரவரியில் கிராமி விருது பெற்றது.

கர்நாடக இசையை மின்கிதாரில் வாசிக்கும் ஆர். பிரசன்னா, ஹென்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாகவே 2006இல் ‘எலெக்ட்ரிக் கணேசா லேண்ட்’ என்றோர் ஆல்பம் வெளியிட்டிருக்கிறார். இசை மாணவரான தாங்கள் பட்டியலுக்காகக் காத்திராமல் அதைத் தேடிக் கேட்பதே நல்லது.

கேள்வி: லெட் ஸெப்பெலினின் ஜிம்மி பேஜ்தான் பெரிய கலைஞர் என்று நானும், பிளாக் சாபத்தின் டோனி அயோமிதான் என்று என் நண்பரும் ஒரு பிரியாணி பந்தயம் கட்டியிருக்கிறோம். பந்தயத்தின் வாசகம்: “கிதாரின் போக்கை அதிகம் மாற்றியவர் யார்?” தீர்ப்பு வழங்க வேண்டும்.
— வாசகர், ஆம்பூர்

ஆம்பூர்க்காரர்கள் பிரியாணியைப் பந்தயம் வைத்தால் அது சிறு தொகையன்று. ஆகவே கவனமாகவே சொல்கிறேன்.

பேஜ் லெட் ஸெப்பெலினின் எல்லா ஆல்பங்களுக்கும் தாமே தயாரிப்பாளர். ஒரே பாட்டில் பல கிதார்களை அடுக்கடுக்காகப் பதிவு செய்து, அவற்றை ஒரு வாத்தியக் குழுவைப் போல ஆள்வதில் அவருக்கு இணை சொல்வது கடினம். ‘சிறந்த ஆல்பம் யாருடையது’ என்று பந்தயம் கட்டியிருந்தால் தாங்கள் வென்றிருப்பீர்கள்.

அயோமியோ 17ஆவது வயதில், உலோகத் தகடு வெட்டும் ஆலையில் வேலையின் கடைசி நாளன்று, வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். இடக்கையரான அவருக்குத் தந்திகளை அழுத்தும் கை அதுதான். மனமுடைந்து கிடந்தவருக்கு, தீ விபத்தில் இரண்டு விரல்கள் செயலிழந்த பின்னும் கிதார் வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டை ஆலை மேலாளர் போட்டுக் காட்டினார். அயோமி பிளாஸ்டிக்கை உருக்கி விரல் உறைகள் செய்துகொண்டார்; அழுத்த எளிதாக இருக்க மெல்லிய தந்திகளைக் கட்டினார்; 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தின் சில பாட்டுகளில் சுருதியையே ஒன்றரைக் கட்டை இறக்கினார். தளர்ந்த தந்தியிலிருந்து எழுந்த அந்தக் கனத்த, மெதுவான ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் சிறு சுரத்தொடர்தான் ஹெவி மெட்டல் என்ற இசை வகைக்கே அடித்தளமாயிற்று. இன்றைக்குத் தாழ்ந்த சுருதியில் வாசிக்கும் எந்த மெட்டல் குழுவை எடுத்தாலும், அதன் கிதாரில் அயோமியின் கை இருக்கிறது. பேஜ் இல்லாவிட்டால் ராக் இசை ஏழையாகியிருக்கும். அயோமி இல்லாவிட்டால் ஒரு வகை இசையே வேறு வடிவில் பிறந்திருக்கும்.

பந்தயம் ‘போக்கை மாற்றியவர்’ பற்றியது என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். பிரியாணியைத் தாங்கள்தான் வாங்கித் தர வேண்டும்.